பாம்பின் நஞ்சும் மூட்டின் வீக்கமும்

முள் தைத்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் ஒருங்கு தொகுத்து ஏட்டில் எழுதி வைத்தவர் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் செல்சஸ் என்பவர். இக்குறிகளுக்குப் பொதுப்பெயராகத் தமிழில் வழங்கும் 'அழற்சி' என்னும் சொல், நெருப்பைக் குறிக்கும் 'அழல்' என்பதனோடு உறவுடையது. இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கிய பெயரும் தீப்பற்றுதல் என்னும் பொருளுடைய வினையினின்றே பிறந்தது. உறவில்லாத இரு மொழியினர் உடலில் ஒரே காட்சியைக் கண்டு ஒரே உவமையைத் தேர்ந்தனர் என்பது தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க செய்தியாகும்.

தீ என்றால் அதனை மூட்டுவது ஒன்று இருத்தல் வேண்டும். முள்ளா மூட்டுகிறது? முள்ளைப் பிடுங்கி எறிந்த பின்னும் வீக்கம் வளர்கின்றதே! ஆகவே மூட்டும் பொருள் உடலுக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்று மருந்தியலார் எண்ணத் தலைப்பட்டனர். அவர்கள் இருபதாம் நூற்றாண்டில் தேடிக் கண்ட பொருள்களுள் ஒன்று பிராடிகினின். அதன் வரலாற்றில் பிரேசில் நாட்டுப் பாம்பு உண்டு. கிளந்தான் ஆய்வுக்கூடத்து எலியும் இஞ்சியும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாள்தோறும் காலையில் விழுங்கப்படும் மாத்திரையும் உண்டு. இம்மூன்றையும் இணைக்கும் நூல் ஒன்றே.

பாம்பினின்று தொடங்குவது முறை. மலாயாவில் பாம்பின் அச்சம் அறியாத தோட்டத் தொழிலாளி இல்லை. இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவப் புறப்பட்டோர் காலடியில், உதிர்ந்த சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடந்தது மலாயாக் குழிவிரியன். நாட்டின் வட மாநிலங்களில் இதன் கடி மிகுதி. கடிபட்ட கால் விரைவில் வீங்கும். குருதி உறையும் தன்மையை இழக்கும். 1952-இல் பினாங்குப் பொது மருத்துவமனைக்கு வந்த அலிஸ்டர் ரீட் என்னும் ஆங்கில மருத்துவர் இக்கடிகளைப் பொறுமையாகத் தொகுத்து ஆராய்ந்து 1963-இல் உலகறியச் செய்தார். இந்நஞ்சினின்று, குருதி கட்டியாவதைத் தடுக்கும் மருந்தொன்றும் பின்னர்ப் பிரித்தெடுக்கப்பட்டது. அது தனிக் கதை.

கிள்ளான் முதல் கோலசிலாங்கூர் வரையுள்ள கடலோரச் சதுப்புக்காடுகளில் இதன் இனத்தைச் சேர்ந்த வேறு விரியன்கள் கிளைகளில் வாழ்கின்றன. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் டான் நெட் ஹோங் என்பாரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய நஞ்சுகளைக் கூறுகூறாகப் பிரித்து ஆராய்ந்தனர். அக்குழுவில் ஞானஜோதி பொன்னுதுரை என்னும் தமிழ்ப்பெயர் நிலைத்த இடம் பெற்றுள்ளது. மலாயாக் குழிவிரியனின் நஞ்சிலிருந்து, குருதிநாளங்களைச் சிதைத்துக் கசிவை உண்டாக்கும் புரதமொன்றை 1993-இலும், அமினோ அமிலங்களைத் தாக்கும் நொதியொன்றை 1994-இலும் தூய்மையாகப் பிரித்து அதன் இயல்புகளை இவர்கள் வெளியிட்டனர். தோட்டத்தில் ஒருவனை வீழ்த்தும் நஞ்சு, ஆய்வுக்கூடத்தில் பல பொருள்களின் கலவையாகப் பிரிந்து நிற்கிறது. விரியன் இனத்து நஞ்சுகள் பலவற்றில், கடிபட்டவனின் குருதியிலுள்ள புரதத்தையே வெட்டி, அதனின்று வேறொரு பொருளை விடுவிக்கும் நொதிகளும் உள்ளன. அவ்வாறு விடுபடும் பொருளே பிராடிகினின். பாம்பு அதனைக் கொண்டு வருவதில்லை; கடிபட்டவனின் பெட்டியைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. கடிபட்ட காலின் வீக்கத்திலும் வலியிலும் கடிபட்டவனின் சொந்தச் சரக்கும் உண்டு என்பது எண்ணத் தக்கது.

இவ்வுண்மை முதலில் வெளிப்பட்டது பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரில். அந்நாட்டிலும் தோட்டத் தொழிலாளரைப் பாம்பு வாட்டியது. காப்பித் தோட்டங்களில் ஜராராக்கா என்னும் விரியன் பெருந்தொல்லை. 1901-இல் அந்நகரில் தோன்றிய புட்டன்டான் நிலையம் பாம்புக்கடிக்கு மாற்று மருந்து செய்தது. இரப்பரும் விரியனும் காப்பியும் தோட்டக் கூலியும் என்று பார்த்தால் பிரேசிலும் மலாயாவும் ஒன்றுக்கொன்று அந்நியமான நாடுகள் அல்ல. மலாயாவின் பால்மரமே அந்நாட்டு விதையினின்று வந்ததன்றோ?

1948-இல் மௌரீசியோ ரோச்சா இ சில்வா, வில்சன் பெரால்டோ, காஸ்டோன் ரோசன்பெல்டு ஆகிய மூவர் ஒரு சோதனை செய்தனர். பாம்பின் நஞ்சு உடலில் ஹிஸ்டமின் என்னும் பொருளை விடுவிக்கிறதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அக்காலத்தில் வீக்கமெனில் ஹிஸ்டமின் என்பதே பலரின் எண்ணம். நாயின் உடலில் நஞ்சைச் செலுத்தி, அதன் குருதியை எடுத்துக் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டின்மேல் ஊற்றினர். குடல் சுருங்கியது. ஆனால் ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும் மருந்தை முன்பே இட்டிருந்தும் சுருங்கியது. அட்ரோபின் இட்டிருந்தும் சுருங்கியது. மேலும், ஹிஸ்டமின் பட்டால் குடல் சட்டென்று துள்ளிச் சுருங்கும். இதுவோ நின்று நிதானித்து, மெல்ல மெல்லச் சுருங்கியது.

எதிர்பார்த்த விடை வராதபோது சோதனை பிழைத்தது என்று கைவிடுவோர் உண்டு. இம்மூவரும் அந்த மெதுவான சுருக்கத்தையே பற்றிக்கொண்டனர். குருதிநீரிலுள்ள புரதத்திலிருந்து நஞ்சினாலும், டிரிப்சின் என்னும் செரிமான நொதியாலும் விடுபடும் புதுப்பொருள் இது என்று நிறுவி, 1949-இல் அமெரிக்க உடலியல் இதழில் வெளியிட்டனர். கிரேக்க மொழியில் 'பிராடி' என்பது மெதுவைக் குறிக்கும். 'கினின்' என்பது அசைவென்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தது. தமிழில் 'மெல்லசைவி' என்று ஆக்கலாம். ஆயினும், பொருளின் பெயரை உலகம் வழங்குமாறே வழங்கிச் செயலின் பெயரைத் தமிழில் ஆக்கிக்கொள்வதே கலைச்சொல்லாக்கத்தில் நல்ல வழி எனத் தோன்றுகிறது. அழற்சி, நொதி, ஏற்பி என்பன தமிழில் நன்கு நிலைத்துவிட்டன. பிராடிகினின் அப்படியே இருக்கட்டும்.

இதற்கு முன்பே ஜெர்மனியில் வேறொரு வழியில் இதே பொருளின் வாயிலை அணுகியிருந்தனர். 1926-இல் மியூனிக் நகர அறுவை மருத்துவர் எமில் பிரே, மனிதச் சிறுநீரை நாயின் குருதியில் செலுத்தியபோது அதன் இரத்த அழுத்தம் தாழ்ந்ததைக் கண்டார். கிராவுட், வெர்லே ஆகியோருடன் சேர்ந்து அதற்குக் காரணமான நொதியைப் பிரித்து 1930-இல் 'கல்லிக்ரெயின்' எனப் பெயரிட்டார். கணையத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று எடுத்த பெயர் அது. அந்நொதி தானே வேலை செய்வதில்லை; குருதிநீரிலுள்ள ஒரு புரதத்தை வெட்டி வேறொரு பொருளை விடுவிக்கிறது என்று 1937-இல் வெர்லே காட்டினார். அப்புரதத்துக்குப் பின்னர்க் கினினோஜன் என்று பெயர் வந்தது. பாம்பின் நஞ்சு வெளியிலிருந்து செய்வதை, கல்லிக்ரெயின் உடலின் உள்ளிருந்தே செய்கிறது. இடையில், 1934-இல், எலியட், நுசும் என்னும் இருவர், இரத்த அழுத்தம் மிகுந்தோரின் சிறுநீரில் கல்லிக்ரெயின் குறைவாக இருப்பதைக் கண்டு எழுதினர். அதனை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. 1971-இல் மார்கோலியஸ் குழுவினர் மீண்டும் கண்டு சொல்லும் வரை அது நூலகத் தாள்களுள் உறங்கியது.

இக்குறிப்பை நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். இப்பொருள் வீக்கமும் வலியும் தருவது என்பது ஒரு பக்கம். குருதிநாளங்களை விரியச்செய்து அழுத்தத்தைத் தணிப்பது என்பது மறுபக்கம். மூட்டில் பகைவனாய் நிற்பது நாளத்தில் நண்பனாய் நிற்கிறது. பின்வந்த ஆராய்ச்சிகளின் இடர்ப்பாடெல்லாம் இவ்வொன்றிலிருந்தே கிளைத்தது.

வலியைப் பற்றிய பக்கத்தை உறுதி செய்தவர்கள் இலண்டனில் கீல் என்பவரும் அவர்தம் துணைவரும். 1950-களில் அவர்கள் செய்த சோதனை மன உறுதி வேண்டுவது. தன்னார்வலரின் முன்கையில் ஒருவகை வண்டின் சாற்றால் கொப்புளம் எழுப்பி, மேல்தோலை அகற்றி, வெளிப்பட்ட புண்ணின்மேல் ஒவ்வொரு கரைசலாக விட்டு, வலி எவ்வளவு என்று அவரையே சொல்லச் சொன்னார்கள். குருதிநீர் கண்ணாடியைத் தொட்ட மாத்திரத்தில் அதில் வலி தரும் பொருள் உண்டாவதைக் கண்டனர். குழாயில் அடைத்து வைத்த குருதிநீர், தன் சொந்தக்காரரின் புண்ணையே கடுக்கச் செய்தது! பிராடிகினின் மிகச் சிறிய அளவிலேயே அத்தகைய வலியை உண்டாக்கிற்று.

பொருளின் உள்ளமைப்பைக் காணும் முயற்சியில் ஒரு சுவையான வழுக்கல் நேர்ந்தது. இலண்டன் மில்ஹில் நிலையத்தில் எலியட், லூவிஸ், ஹார்ட்டன் ஆகியோர், அஃது எட்டு அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்று முதலில் அறிவித்தனர். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரின் சாண்டோஸ் நிறுவனத்தில் புவாசொன்னா என்பவர் அந்த எட்டையும் அவ்வாறே கோத்துச் செய்து பார்த்தார். குடல் அசையவே இல்லை. கணக்கில் ஒரு புரோலின் விடுபட்டிருந்தது. அதனைச் சேர்த்து ஒன்பதாகக் கோத்தபோது, இயற்கைப் பொருளின் செயல் முழுவதும் வந்தது. 1960-இல் இவ்வுண்மை வெளியாயிற்று. அர்ஜினின், புரோலின், புரோலின், கிளைசின், பினைலலனின், செரின், புரோலின், பினைலலனின், அர்ஜினின் என்பதே அந்த ஒன்பதின் வரிசை. செய்யுளில் ஓரசை விடுபட்டால் தளை தட்டும் என்பதை அறிந்த தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஒன்பதை ஆய்வுக்கூடத்தில் செய்யும் வழி தெரிந்தபின் ஆராய்ச்சி விரைந்தது. இனி எழுந்த கேள்வி, இச்சங்கிலி உயிரணுவோடு எவ்வாறு பேசுகிறது என்பது. ஒவ்வோர் உயிரணுவின் மேலுறையிலும் குறித்த பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உண்டு; அவற்றை ஏற்பிகள் என்பர். பூட்டும் சாவியும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் இவ்வரலாற்றில் ஒரே வீட்டுக்கு இரண்டு கதவுகள் இருந்தன.

அதனைக் கண்டவர் கனடா நாட்டு ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொமெனிக்கோ ரெகோலி. முயலின் பெருந்தமனித் துண்டை அவர் சோதித்தபோது, முழுப் பிராடிகினினுக்கு அது செவ்வனே செவிசாய்க்கவில்லை. கடைசி அர்ஜினின் அறுபட்டு எட்டாய்க் குறைந்த துணுக்குக்கே மிகுதியாகச் சுருங்கியது. (முன்பு பாசலில் பயனற்றுப் போன எட்டு வேறு, இந்த எட்டு வேறு. முன்னதில் இடையில் ஒரு கண்ணி இல்லை. பின்னதில் கடைசிக் கண்ணி இல்லை.) உடலில் உள்ள நொதியொன்று பிராடிகினினின் வாலை வெட்டுவதை அழிவு என்றே அதுவரை கருதியிருந்தனர். வெட்டுண்ட துணுக்கும் உயிரோடு வேறு வேலைக்குச் செல்கிறது என்பது இப்போது தெரிந்தது. ரெகோலியும் பராபேயும் 1980-இல் வெளியிட்ட நெடிய ஆய்வுரையில் இவ்விரு ஏற்பிகளுக்கும் பி1, பி2 என்ற பெயர்கள் நிலைபெற்றன.

இரண்டின் இயல்பும் வேறு. பி2 எப்பொழுதும் திசுக்களில் காத்திருப்பது. பிராடிகினினின் நாள்முறை வேலைகள் பெரும்பாலும் இதன் வழியே நடைபெறும். பி1 நலமான திசுவில் அருகியே காணப்படும். காயமோ கிருமியோ தாக்கி அழற்சி தோன்றியபின் மணிக்கணக்கில் புதிதாக முளைக்கும். அப்படியாயின், நட்பை விட்டுப் பகையை மட்டும் அடைக்க வழி உண்டன்றோ? மருந்தியலாரின் உள்ளத்தில் எழுந்த ஆசை இதுவே. 1985-இல் வாவ்ரெக், ஸ்டூவர்ட் ஆகியோர் சங்கிலியின் ஏழாம் கண்ணியை மாற்றி, ஏற்பியில் சென்று அமர்ந்துகொண்டு ஒன்றும் செய்யாத போலிப் பொருளை ஆக்கினர். 1991-இல் ஹோக்ஸ்ட் நிறுவனத்தார் அதனினும் வலிய, பி2-ஐ அடைக்கும் இக்கட்டிபன்ட் என்னும் பொருளை வெளியிட்டனர்.

அதற்கு இடம் கிடைத்தது எவரும் முதலில் எண்ணாத மூலையில். பரம்பரை வீக்கநோய் என்று ஒன்றுண்டு. குருதியில் ஒரு தடைப்புரதம் குறைந்து பிறந்தோர்க்கு, திடீரென்று முகமும் உதடும் குரல்வளையும் வீங்கும். குரல்வளை அடைத்து உயிர் போவதும் உண்டு. ஹிஸ்டமினை அடக்கும் வழக்கமான மருந்துகள் இதில் பயன்படா. ஏனெனில் இவ்வீக்கத்தை விளைப்பது பிராடிகினின். 1948-இல் நாயின் குருதி சொன்ன செய்தியை நோயாளியின் தொண்டை மீண்டும் சொல்கிறது. இக்கட்டிபன்ட் 2008-இல் ஐரோப்பாவிலும் 2011-இல் அமெரிக்காவிலும் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. பி1-ஐ அடைத்து மூட்டுவலியைத் தீர்க்கும் மாத்திரையோ, பல நிறுவனங்கள் முயன்றும், மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை.

இதற்கிடையே நண்பன் என்ற பக்கத்தில் பெரிய வெற்றி விளைந்தது; அதுவும் பாம்பிடமிருந்தே. ரோச்சா இ சில்வாவின் மாணவர் செர்சியோ பெரேரா, அதே ஜராராக்கா நஞ்சில் பிராடிகினினின் செயலை மிகுவிக்கும் பொருள்கள் இருப்பதை 1965-இல் அறிவித்தார். பிராடிகினின் நெடுநேரம் வாழ்வதன்று. நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். நஞ்சிலுள்ள இப்பொருள்கள் அச்சிதைவைத் தடுத்தன. பெரேரா இலண்டனில் ஜான் வேன் என்பாரின் ஆய்வுக்கூடத்துக்கு அதனை எடுத்துச் சென்றார். அங்கே பாக்லே என்பவர், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சினை ஆக்கும் நொதியையும் அது தடுப்பதைக் கண்டார். பிராடிகினினை அழிக்கும் நொதியும் ஆஞ்சியோடென்சினை ஆக்கும் நொதியும் வேறல்ல, ஒன்றே என்பது 1970 அளவில் எர்டோஸ் முதலியோரின் உழைப்பால் தெளிவாயிற்று. ஒரே கத்தி ஒரு கையால் நண்பனைக் கொன்று மறுகையால் பகைவனைப் படைக்கிறது. அக்கத்தியை முடக்கினால் அழுத்தம் இருவழியிலும் தணியும்.

அமெரிக்காவில் ஸ்குவிப் நிறுவனத்தின் கஷ்மன், ஒண்டெட்டி ஆகியோர் நஞ்சின் சங்கிலியைப் பார்த்து அதனினும் மிகச் சிறிய பொருளொன்றை 1975-இல் வடித்தனர். வாயால் உட்கொள்ளத் தக்க அப்பொருளே காப்டோபிரில். 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பின்னர் எனலாபிரில், பெரிண்டோபிரில் எனப் 'பிரில்' என்று முடியும் ஒரு குடும்பமே எழுந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொண்ட மருந்து. ஊதியம் அமெரிக்க நிறுவனத்துக்குச் சென்றது. பாம்பும் முதற்கண்டுபிடிப்பும் பிரேசிலுடையவை. பிரேசில் மக்கள் இதனை இன்றும் மனக்குறையோடு நினைவுகூர்வது இயல்பே. தோட்டத்துப் பால் கப்பலேறிச் சென்று சக்கரமாய்த் திரும்பி வந்ததைக் கண்ட மலாயாத் தமிழர்க்கு அக்குறை விளங்காத ஒன்றன்று.

மாத்திரை கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் வந்தது. 2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தோர் பத்தில் மூவர்க்கு இரத்த அழுத்த நோய் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியராய் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்களோ, கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நகர்ந்து அடுக்குமாடியில் குடியேறிய பாட்டிமாரோ, இவர்கள் கையிலுள்ள மருந்துப் பொட்டலத்தில் 'பிரில்' என்று முடியும் பெயரைக் காணல் அரிதன்று. அவர்களுட் சிலர்க்குச் சில நாளிலோ சில மாதத்திலோ தொண்டையில் ஒரு நமைச்சல் தோன்றும். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டிருமல் மட்டும் விடாது. இரவில் படுத்தால் மிகும். பனங்கற்கண்டு, மிளகு, கஷாயம், இருமல் மருந்து எல்லாம் பார்த்தாகிவிடும். எதற்கும் அடங்காது.

காரணம், முடக்கப்பட்ட அந்தக் கத்திதான். சிதையாத பிராடிகினின் மூச்சுக்குழலில் மிகுந்து, இருமலைத் தூண்டும் நரம்புகளைக் கிளறுகிறது என்பதே மருந்தியலார் பெரிதும் ஏற்ற விளக்கம். கிழக்காசிய மக்களிடையே இத்தொல்லை மிகுதி. ஹாங்காங்கில் சீன நோயாளிகளை ஆராய்ந்து 1995-இல் வெளியான கட்டுரை, இம்மருந்து உண்டோரில் நூற்றுக்கு 44 பேர் நீங்காத இருமல் கொண்டிருந்தனர் என்றது. மிகச் சிலர்க்கு, நூற்றில் ஒருவர்க்கும் குறைவாக, உதடும் நாவும் தொண்டையும் வீங்குவதுண்டு; அது இருமலைப் போல் பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று, உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய நிலை.

துன்பம் எங்கே நேர்கிறதெனின், இருமலுக்கும் மாத்திரைக்கும் உள்ள உறவை அறியாதார் இருமலுக்குத் தனி மருந்தை நாடி அலைகின்றனர். உறவை அரைகுறையாக அறிந்தோரோ, மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் சொல்லவும் தயங்கி, அழுத்தத்தை ஏறவிடுகின்றனர். இரண்டும் தவறு. பிராடிகினினைத் தொடாமல் ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை மட்டும் அடைக்கும் வேறு மருந்துக் குடும்பம் 1995 முதல் வழக்கில் உள்ளது. அவற்றின் பெயர்கள் 'சார்டான்' என்று முடியும். 'ஐயா, இருமல் விடவில்லை' என்று மருத்துவரிடம் ஒரு சொல் சொன்னால் மாற்றித் தருவார். கண்டுபிடிப்பின் நெடிய வரலாறு அந்த ஒரு சொல்லில் முடிகிறது.

மலேசியாவில் இப்பொருளை நேரே எடுத்து ஆராய்ந்தவர் ஜே. என். சர்மா. 1970-களில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் சைட்லின் முதலியோருடன் முடக்குவாத நோயாளிகளின் குருதியில் கினினோஜன் அளவு நோயின் ஏற்றத்தோடு மாறுவதை ஆராய்ந்தவர் அவர். பின்னர்க் கிளந்தான் மாநிலத்துக் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் மருந்தியல் துறையில் பணியாற்றினார். பிராடிகினின் ஏற்பிகளை அடைக்கும் பொருள்களால் எந்தெந்த நோய்க்கு மருந்து கிட்டலாம் என்பதை 1993-இல் ஒரு நெடிய கட்டுரையில் தொகுத்தளித்தார். கோலாலம்பூரில் பாம்பின் நஞ்சிலுள்ள நொதிகள் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கிழக்குக் கரையில் அத்தகைய நொதிகள் திறந்துவிடும் பொருளின் விளைவுகள் ஆராயப்பட்டன என்பது கருதத் தக்கது.

1994-இல் சர்மா, ஸ்ரீவஸ்தவா, கான் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு தமிழ் வீட்டு அடுக்களைக்கு அண்மையது. எலிகளின் வலப்பக்க முழங்காலிலும் பாதத்திலும், கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் கலந்து செலுத்தி மூட்டுவாதத்தை உண்டாக்கினர். பின்னர் சில எலிகளுக்கு இஞ்சி எண்ணெயையும், சிலவற்றுக்குக் கிராம்பில் மிகுந்துள்ள யூஜினால் என்னும் பொருளையும், உடல் எடை ஒரு கிலோவுக்கு 33 மில்லிகிராம் வீதம் வாய்வழியே 26 நாள் கொடுத்தனர். பாதத்தின் வீக்கமும் மூட்டின் வீக்கமும் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தன. பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையிலும் கிள்ளான் இந்தியர் கடைத்தெருவிலும் சுக்கும் கிராம்பும் சாக்கில் நிறைந்து கிடக்கின்றன. பாட்டி கைமருந்து மெய்யாயிற்று என்று எவரும் உடனே துள்ளிக் குதிக்க வேண்டா. எலிக்கு அளந்து கொடுத்த எண்ணெய் வேறு, முழங்கால் வலிக்குக் குடிக்கும் சுக்குக் காப்பி வேறு. எனினும், நம்பிக்கை என்ற நிலையில் இருந்ததை அளவுகோல் வைத்து அளந்தனர் என்பதே அவ்வாய்வின் சிறப்பு.

சர்மாவின் ஆராய்ச்சி மூட்டோடு நின்றுவிடவில்லை. 1934-இல் எலியட், நுசும் கண்ட, சிறுநீரில் கல்லிக்ரெயின் குறைந்த அந்தப் பழைய குறிப்பின் வழியே அவர் இரத்த அழுத்தத்துக்கும் சென்றார். உமா, யூசோப் ஆகியோருடன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடைய எலிகளின் இதயத் திசுவைச் சோதித்தார். அவ்வெலிகளின் இதயச் சுவர் தடித்திருந்தது. கினினை உண்டாக்கும் கல்லிக்ரெயினும் கினினோஜனும் நலமான எலியின் இதயத்தைவிட அவற்றில் குறைந்து காணப்பட்டன. 1994-இல் எலியின் முழங்காலில் அடக்க முயன்ற அழற்சியில் கினினுக்குப் பங்குண்டு. 1998-இல் எலியின் இதயத்தில் அதே கினினை உண்டாக்கும் அமைப்பு போதவில்லை.